திக்லிபூரில் போர்த்திய மப்ளர்

வெள்ளிக்கிழமை விடிகாலை மூன்றே முக்காலுக்குப் போர்ட்பிளேர் பஸ் நிலையத்தில் போய் நின்றேன். டெலானிபூர் மேட்டிலிருந்து ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய் கேட்டார்கள். இருட்டு நேரம் என்று பேரம் பேசாமல் கொடுத்தேன். பஸ் நாலு மணிக்கு.

இந்தத் தீவுக்குக் கல்யாணமாகிக் கப்பலில் வந்து ஐம்பத்திரண்டு வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் திக்லிபூரை நான் பார்த்ததில்லை. என் வீட்டுக்காரர் கப்பல் பட்டறையில் இருந்தார். அவர் போன பிறகு கிரைண்டர் வாங்கிப்போட்டு இட்லி மாவு விற்கத் தொடங்கினேன். குவார்ட்டர்ஸில் நாற்பது வீடு என் மாவை நம்பி இருக்கிறது. எல்லோருக்கும் நான் மாவு ஆன்ட்டி. வள்ளிநாயகி என்ற பேர் ரேஷன் கார்டில் மட்டும்தான் இருந்தது.

கண்டக்டரும் என்னிடம் மாவு வாங்குகிறவர்தான். இங்கேயே பிறந்த தமிழர்.

"அரே ஆன்ட்டி! நீங்க எங்க? அப்ப இன்னைக்கி மாவு?"

"ரெண்டு நாளைக்கு ரொட்டி சுட்டுத் தின்னுங்க."

"கர்வாலி என்னையத் திட்டும். டிரைவர் பின்னாடி சீட்டுல உக்காருங்க, ஆட்டம் கம்மி."

அவர் வீட்டுக்காரியைத்தான் அப்படிச் சொல்கிறார். உட்கார்ந்தேன். மடியில் ஒரு பை. மாற்றுப் புடவை ஒன்று, புளிசாதம், மருந்து டப்பா, திக்லிபூர் கோயில் விழா அழைப்பிதழ். அந்த அழைப்பிதழில் ஏழு வயதுப் பெண் ஒருத்தியின் படம் இருந்தது. கழுத்தைச் சுற்றிக் கம்பளி மப்ளர். கீழே 'பேபி வள்ளி' என்று போட்டிருந்தது. அது நான்தான்.

அதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். என் அப்பாவும் அம்மாவும் பாட்டுக்காரர்கள். அப்பா ஆர்மோனியம் வாசித்துக்கொண்டு பாடுவார், அம்மா சொர்ணம் கூடப் பாடுவாள். தெற்கே அவர்கள் போகாத திருவிழா இல்லை. மேடையில் இரண்டு பேருக்கும் நடுவில் பட்டுப்பாவாடை கட்டி என்னை உட்கார வைப்பார்கள். கையில் தாளம். ஊருக்கு ஊர் யாராவது ஒருவர் கன்னத்தைக் கிள்ளுவார், ஒருவர் படம் பிடிப்பார். தூங்கி விழுந்தாலும் கைதட்டுவார்கள். பள்ளிக்கூடம் போனது மொத்தம் எட்டு மாதம். எழுத்து கற்றுக்கொண்டது கச்சேரி நோட்டீஸ்களைப் பார்த்துத்தான். முதலில் படித்த வார்த்தை என் பேர்.

ஆறு மணிக்கு முன்பே ஜிர்காடாங் சோதனைச் சாவடி வந்துவிட்டது. பெரார்கஞ்ச் வயல்களைத் தாண்டியபோது இருட்டு, ஒன்றும் தெரியவில்லை. இங்கே எல்லா வண்டியும் வரிசையில் நின்று, ஆறு மணிக்குப் போலீஸ் காவலோடு சேர்ந்து புறப்பட வேண்டும். உள்ளே ஜாரவா பழங்குடி மக்களின் காடு. டீ பதினைந்து ரூபாய், இரண்டு சமோசா முப்பது. சமோசாவில் உருளைக்கிழங்கைத் தேட வேண்டியிருந்தது.

பலகை ஒன்று வைத்திருந்தார்கள். எழுத்துக் கூட்டி முழுவதும் படித்தேன். வண்டியை நிறுத்தக் கூடாது. படம் எடுக்கக் கூடாது. தின்பண்டம் கொடுக்கக் கூடாது. பஸ் கிளம்பியதும் கண்டக்டரும் அதையே சத்தமாகச் சொன்னார்.

"கிட்கி பந்த் பண்ணுங்க, ஜன்னல் எல்லாத்தையும் சாத்துங்க. போன பைக்குள்ள வைங்க. யாரும் கை காட்டக் கூடாது. வேடிக்க பாக்க அவங்க ஒண்ணும் சர்க்கஸ் இல்ல."

நல்ல சட்டம் என்று நினைத்தேன். அந்தக் காலத்தில் எங்கள் மேடையிலும் இப்படி ஒரு பலகை மாட்டியிருக்கலாம்.

மிடில் ஸ்ட்ரெய்ட்டில் பஸ்ஸோடு படகில் ஏறி உப்பாற்றைக் கடந்தோம். பத்து நிமிடம்கூட இல்லை. அதன் பிறகு பாராடாங், ரங்கத். ரங்கத்தில் மதியம் புளிசாதம் சாப்பிட்டேன். இளநீர் ஐம்பது ரூபாய். ரோடு சில இடத்தில் நன்றாக இருக்கிறது, சில இடத்தில் எலும்பை எண்ணிப் பார்க்கிறது. மாயாபந்தர் பக்கம் பாக்குமரம் கண்ணுக்கெட்டிய வரை. சும்மா உட்கார்ந்து போகிற நேரத்தில்தான் அந்தப் பழைய பயம் வந்தது. 'பாடுங்கள்' என்று சொல்லப்போகிறார்கள்.

எனக்குப் பாட வராது. சிறுபிள்ளையிலிருந்தே வராது. தாளம் தப்பாது, குரல் சுருதியில் நிற்காது. ஒரு தடவை குருவியைக் கூப்பிட்டுச் சோறு ஊட்டுகிற மாதிரி ஒரு குழந்தைப் பாட்டை நான் பாடி ரெக்கார்டு போட வேண்டும் என்று மெட்ராஸ் கூட்டிப்போனார்கள். மூன்று தடவை பாட வைத்தார்கள். ரெக்கார்டு எடுக்கிற ஆள் மணி பார்த்தார். அம்மா மெதுவாக என்னை நகர்த்தி நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, குரலைச் சின்னதாக்கி அவளே பாடினாள். உறையில் என் படம் வந்தது. என் பேர் வந்தது. வீட்டுக்கு வீடு அந்தப் பாட்டுத்தான்.

அதற்குப் பிறகு மேடைக்கு மேடை அதையே கேட்டார்கள். அப்பா ஒரு மப்ளர் வாங்கினார். சித்திரை வெயிலிலும் அதை என் கழுத்தில் சுற்றி, "குழந்தைக்குத் தொண்டை கட்டியிருக்கு. அவ அம்மா பாடுவா" என்பார். அம்மா பாடுவாள். முன்வரிசையில் யாராவது சொல்லுவார்கள்: "என்ன இருந்தாலும் குழந்தை பாடுன மாதிரி வராது." அம்மா அதைக் கேட்டுச் சிரிப்பாள். எனக்கு இன்றைக்கும் வலிப்பது அந்தச் சிரிப்புத்தான். வெளியே சொன்னால் நம் சோற்றில் மண் என்று அப்பா சொல்லியிருந்தார். சொல்லவில்லை. என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. கடல் தாண்டி மாப்பிள்ளை என்றதும் நான் ஏன் உடனே சரி என்றேன் என்று அவர் கடைசி வரை யோசித்துக்கொண்டுதான் இருந்தார்.

சாயங்காலம் ஐந்தேகாலுக்குத் திக்லிபூர். முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் என்று கண்டக்டர் சொன்னார். என் இடுப்பும் அதையே சொன்னது. கடைவீதியில் பெங்காலிப் பேச்சு, மீன் வாசனை, பின்னால் பெரிய மலை. என்னை அழைத்த கோயில் கமிட்டித் தலைவர் வேலுச்சாமி மாலையோடு நின்றார். அறுபது வயதிருக்கும். ராமநாதபுரத்திலிருந்து வந்து ரோடு கான்ட்ராக்ட் எடுக்கிறவர். யாரோ அந்த ரெக்கார்டைப் போனில் ஏற்றியிருக்கிறார்கள். விசாரித்து விசாரித்து என்னைக் கண்டுபிடித்தவர் இவர்தான்.

"யம்மா, ஒங்க பாட்டப் போட்டாத்தேன் நான் சின்ன வயசுல சோறே திம்பேன். எங்காத்தா போன பெறகும் அந்தப் பாட்டக் கேட்டா அது கை வாயிகிட்ட வர்ற மாதிரியே இருக்கும்."

"நான் விளக்கு மட்டும் ஏத்துறேன்னுதானே சொன்னேன் தம்பி?"

"வெளக்குத்தேன்மா. ரெண்டே ரெண்டு வரி. கீபோர்டு ஆளு வந்துருக்காரு."

அவர் வீட்டில் குளித்து, காப்பி குடித்து, ஆறரைக்குக் கோயில் பந்தலுக்குப் போனோம். வாசலில் என் ஏழு வயது முகம் ஆள் உயரத்துக்குத் துணியில் அச்சடித்து நின்றது. முந்நூறு பேர் இருப்பார்கள். தமிழர் பாதி, மற்றவர் பாதி. விளக்கேற்றினேன். பொன்னாடை போர்த்துவார்கள் என்று தலையைக் குனிந்தேன். கழுத்தில் கம்பளி குறுகுறுத்தது.

படத்தில் இருக்கிறதே என்று அதே நீலத்தில் தேடி, மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரவழைத்திருக்கிறார்கள். புது மப்ளர். வேலுச்சாமி இரண்டு சுற்றுச் சுற்றி, முனையைச் சரிசெய்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூட்டம் கை தட்டியது. பந்தலில் மின்விசிறி ஓடியும் எனக்கு வேர்த்தது.

ஒரு வார்த்தை போதும். தொண்டை கட்டியிருக்கிறது என்று சொன்னால் இவ்வளவு பேரும் நம்புவார்கள். கழுத்திலேயே சாட்சி இருக்கிறது. போனில் பாட்டைப் போடுவார்கள், மாலையோடு திரும்பிவிடலாம். மைக்கைக் கையில் வாங்கும் வரை அப்படித்தான் நினைத்திருந்தேன். எதிரே என் படம். அதில் அம்மா எங்கேயும் இல்லை.

மப்ளரைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

"இந்தப் படம் என்னோடதுதான். பாட்டு என்னோடது இல்ல. பாடுனது எங்கம்மா. அவ பேரு சொர்ணம். எனக்குத் தொண்டை ஒரு நாளும் கட்டுனதில்ல. பாட வராது, அவ்வளவுதான்" என்றேன்.

கூட்டம் சிரித்தது, பிறகு இன்னும் பலமாகக் கை தட்டியது. முன்வரிசையில் ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம், "என்னா அடக்கம் பாருடி. இந்தக் காலத்துப் பிள்ளைகளும் இருக்கே" என்றாள். பின்னாலிருந்து ஒருவர், "ஆன்ட்டி, நக்ரா வேண்டாம், ரெண்டு வரி பாடுங்க!" என்று கத்தினார். பிகு பண்ணுகிறேனாம்.

உண்மையைச் சொன்னால் நம்புவார்கள் என்றுதான் இத்தனை வருடம் பயந்துகொண்டிருந்தேன். நம்பமாட்டார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

சரி என்று பாடினேன். கையால் தொடையில் தாளம் போட்டு, முதல் இரண்டு வரியும் முழுசாக. கீபோர்டுக்காரர் ஒரு கட்டையில் என்னைத் தேடினார், அதை விட்டு இன்னொன்றில் தேடினார், மூன்றாவதையும் பார்த்துவிட்டுக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஒரு குழந்தை சிரித்து, அதன் தாய் வாயைப் பொத்தினாள். எழுபத்து நாலு வயதில் முந்நூறு பேர் முன்னால் அப்படி நின்றது நல்ல அனுபவம் என்று சொல்லமாட்டேன். நடுவில் நிறுத்தவும் இல்லை.

"இப்ப அந்த ரெக்கார்டப் போடுங்க" என்றேன்.

போட்டார்கள். பந்தல் ஒலிபெருக்கியில் அம்மா வந்தாள். அன்றைக்கு அவளுக்கு முப்பது வயதுதான். இரண்டாவது வரி முடிகிற இடத்தில் சின்னக் குரலை மறந்து, தன் குரலில் ஒரு வளைவு வளைத்துவிட்டு, சட்டென்று மறுபடி சின்னதாகிறாள். எனக்குத் தெரிந்த இடம் அது. முன்வரிசைப் பெண்ணும் அங்கே தலையை நிமிர்த்தினாள். வேலுச்சாமி மட்டும் என்னைப் பார்க்கவில்லை. சாப்பாட்டின்போது பாயசத்தை அவர் மனைவிதான் பரிமாறினாள்.

சனிக்கிழமை விடிகாலை திரும்புகிற பஸ். வேலுச்சாமி ஜீப்பில் கொண்டுவந்து விட்டார். பஸ் நிலையத்தில் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"ராத்திரி கோவமாத்தேன்மா இருந்துச்சு. பெறகு படுத்துக் கெடந்து நெனச்சுப் பாத்தேன். ஒரு ஆத்தா பாடியிருக்கு, ஒரு ஆத்தா ஊட்டியிருக்கு. எனக்கு ஒண்ணும் கொறையல."

"கொறையாது. அடுத்த வருஷம் துணியில பேர மாத்திப் போடுங்க."

"படம்?"

"அவ படம் என்கிட்ட இருக்கு. கண்டக்டர்கிட்ட கொடுத்து விடுறேன்."

"பாட்ட வுட்ருங்க, ஆனா தாளம் பெசகலைம்மா" என்றார். அது உண்மை. தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டேன்.

போன பஸ்ஸேதான், கண்டக்டரும் அவரேதான். திக்லிபூரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் வயல், அதன் மேல் பனி தாழ இறங்கியிருந்தது. என் ஜன்னலைச் சரியாகச் சாத்த முடியவில்லை. தை மாதக் காற்று நேரே கழுத்தில் அடித்தது. பையிலிருந்து மப்ளரை எடுத்து இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டேன்.

கண்டக்டர் டிக்கெட் கிழிக்க வந்தவர் நின்று பார்த்தார்.

"கியா ஹுவா ஆன்ட்டி? தொண்டை கட்டிருச்சா?"

"இல்லப்பா. குளிருது."