வெட்டுவதற்கு விட்ட வரி

தையல் மிஷின் ஓடிக்கொண்டே இருக்கும். பேச வந்தவர்கள்தாம் குரலை உயர்த்திக்கொள்ள வேண்டும். அளவு கொடுக்க வந்தாலும், வம்பளக்க வந்தாலும், யாருக்காகவும் அவள் கால் நிற்பதில்லை. “காது சும்மாதானே இருக்கு, நீங்க சொல்லுங்க” என்பாள்.

எதிர்ச்சுவரில், அளவுநாடா தொங்கும் ஆணிக்குப் பக்கத்தில், நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியிலிருந்து கத்தரித்த துண்டுகள் குண்டூசியில் நிற்கின்றன. எரியாத தெருவிளக்கு, நிறுத்தம் தாண்டி நிற்கும் பேருந்து, நூலகத்தில் பூட்டியே கிடக்கும் கழிப்பறை. எல்லாவற்றின் அடியிலும் அவள் பெயர், கதவு எண்ணோடு. தெருவுக்கு அவள் ‘கடுதாசி அக்கா’. நன்றாகச் சட்டை தைப்பவள் என்பது இரண்டாம்பட்சம்.

துணிக்கு அளவு வரையும் பழுப்புத் தாளில்தான் முதலில் எழுதிப் பார்ப்பாள். “பேப்பர்ல இடம் பத்தலைன்னா கீழேருந்துதான் வெட்டுவாங்க. மடிச்சுத் தைக்கத் துணி விடுற மாதிரி, அவங்க வெட்டறதுக்கு நானே ரெண்டு வரி விட்டுடுவேன்.” அந்த இரண்டு வரியில் பெரும்பாலும் ‘ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்’ இருக்கும். பணிவு போனால் அவளுக்கு நஷ்டமில்லை.

போன வாரம்தான் கை தயங்கியது. கடையில் காஜா எடுக்கும் பெண், வீங்கிய காலோடு நகராட்சி ஆஸ்பத்திரிக்கு மூன்று நாள் போய், மூன்று நாளும் டாக்டரைப் பார்க்காமல் திரும்பினாள். அங்கே தற்காலிக எழுத்தர், அக்காவின் தம்பி. பணி நிரந்தர உத்தரவு இந்த மாதம் வர வேண்டும். சாப்பிடும்போது அவன்தான் வாய்தவறிச் சொன்னான்: பதினோரு மணிக்கே கிளம்பிவிடும் டாக்டர், வருகைப் பதிவேட்டில் ஒரு மணிக்குப் போனதாக எழுதுகிறாராம். அது கடிதத்தின் முதல் வரியாகிவிட்டது. பழுப்புத் தாளைப் படித்ததும் தம்பி பதறினான்.

“அக்கா, அந்த நோட்டு என் மேசையில இருக்கு. வேற யார் சொல்லியிருப்பாங்கன்னு தேடுவாங்களா? என் பொழப்புல நீயே மண்ணைப் போடுறியே!”

“பொய்யாடா எழுதியிருக்கேன்?”

“உண்மைங்கிறதாலதான் பயப்படுறேன்.”

அவள் வேறு தாள் எடுத்தாள். முதல் வரியைக் கடைசிக்கு இறக்கினாள். “எடுக்க மாட்டேன். கீழ வச்சிருக்கேன். வெட்டினா அவங்க வெட்டட்டும்.”

தம்பிக்கு மூச்சு வந்தது. அவள்தான் அன்றைக்கு ஒரு சட்டையின் வலக்கையை இடப்பக்கம் வைத்துத் தைத்துவிட்டு, உட்கார்ந்து பிரித்தாள்.

நேற்று மத்தியானம் நாளிதழிலிருந்து போன். தம்பி சாப்பாட்டுக்கு வந்திருந்தான். காஜாப் பெண் முக்காலிமேல் காலை நீட்டியிருந்தாள். போன் மிஷின் பலகையில், ஸ்பீக்கரில் பேசியது.

“கடிதம் நீங்க எழுதினதுதானே?”

“ஆமா, நான்தான்!”

“நாளைக்கு வருது. இடம் பத்தலை, கடைசி வரியை எடுத்துடறோம். சரிதானேம்மா?”

அவள் தம்பியைப் பார்த்தாள். கால் மிதித்துக்கொண்டே இருந்தது.

“நோட்டுல மட்டும் இருக்கிற டாக்டர்கிட்டயே ஊசி போட்டுக்கட்டுமா தம்பி?” என்றாள் காஜாப் பெண். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்.

தம்பி சிரிக்கவில்லை. அந்தக் காலைப் பார்த்தான். பிறகு போனைக் கையில் எடுத்தான்.

“அந்த வரி இருக்கட்டும் சார்.” மெல்லத்தான் சொன்னான்.

“யாருங்க? ஒண்ணும் கேக்கலை, ஒரே சத்தம். மறுபடி சொல்லுங்க.”

அக்கா கையை நீட்டி, சுற்றிக்கொண்டிருந்த சக்கரத்தின்மேல் உள்ளங்கையை வைத்து, மிஷினை நிறுத்தினாள்.