தோலுரிக்க முடியாத புழு

பதுளை ரோட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். தோளில் உரச்சாக்கு, அதற்குள் இரண்டு சட்டை, ஒரு போர்வை. மேலே தேயிலைத் தோட்டத்து லயவீடுகளில் ஓர் அக்கா என்னைக் கள்ளன் என்று சொல்லி அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

கொழுந்து பறிப்பவர் அவர். லயத்துக்குக் கீழே ஓடையோரத் துண்டு நிலத்தில் முதல் தடவையாகக் கோவா, அதாவது முட்டைக்கோஸ், போட்டிருந்தார். அடுத்த வாரம் வெட்ட வேண்டிய நேரத்தில் புழு விழுந்துவிட்டது. முந்தாநாள் கூலிக்கு நான்தான் மருந்து வாங்கி அடித்தேன். இன்று மத்தியானமும் புழுவெல்லாம் சுகமாக ஊர்ந்துகொண்டிருந்தது.

"மருந்த வித்துட்டு பச்சத்தண்ணிய அடிச்சிருக்க. புழுவக் குளிப்பாட்டினியா?"

"இல்லக்கா, அளவாத்தான் கலந்தேன்."

"அப்ப ஏன் சாகல? பக்கத்து வீட்டுல பழைய மருந்து இருக்கு. அந்திக்கு நானே அடிச்சுக்கிறேன். நீ போ."

போவது எனக்குப் புதிதில்லை. ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டபின் மொனராகலையில் கரும்பு வெட்டினேன், எல்லவில் ஹோட்டல் பாத்திரம் கழுவினேன். எங்கேயும் இரண்டாவது மழைக்காலத்தைப் பார்த்ததில்லை. ஆனால் செய்யாத களவுக்காகப் போவது இதுதான் முதல் தடவை.

மருந்து வாங்கிய கடை சந்தியில் இருந்தது. உள்ளே போனேன்.

"நானா, நீங்க தந்த மருந்து வேல செய்யல."

"அடிச்சு எத்தன நாள்?"

"ரெண்டு."

கடைக்காரர் சிரித்தார். "ரெண்டு நாள்ல சாக அது என்ன லொறியில அடிபட்ட புழுவா? தம்பி, இது நஞ்சு மாதிரி உடனே கொல்லாது. புழு வளரணும்னா தோல் கழட்டணும். இதத் தின்ன புழுவுக்குப் புதுத்தோல் சரியா பிடிக்காது. பழைய தோலுக்குள்ளயே மாட்டிக்கிட்டு சாகும். நாலஞ்சு நாள் பொறுக்கணும்."

அக்கா பழைய மருந்தை அடிக்கப்போவதையும் அடுத்த வாரம் கோவா வெட்டு என்பதையும் சொன்னேன்.

"அத அடிச்சா புழுவத் தின்னுற குளவியும் சாகும். அடுத்த வாரம் வெட்டுற கோவாவுல நஞ்சு நிக்கும், அத யாரு திங்கிறது? சரி, மருந்து அடிச்ச டேங்க எங்க கழுவின?"

"ஓடையிலதான். எல்லாரும் அங்கதானே கழுவுறாங்க."

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "நண்டும் இறாலும்கூட தோல் கழட்டித்தான் வளருது. இந்த மருந்து ஓடைக்கு ஆகாது. தமிழ்லயே எழுதியிருக்கே, வாசிக்கலையா?"

வாசிக்கவில்லை. எழுத்து பொடியாக இருந்தது. மருந்தென்றால் எல்லாம் ஒன்றுதான் என்றும் நினைத்திருந்தேன்.

பதுளை பஸ் வந்து நின்றது. அக்காவின் போன் நம்பர் என்னிடம் இல்லை. பஸ்ஸை விட்டுவிட்டுத் திரும்ப மலையேறினேன்.

நான் போனபோது அக்கா டேங்கை முதுகில் மாட்டியிருந்தார்.

"எத விட்டுட்டுப் போன, திரும்பி வந்திருக்க?"

கடைக்கார நானா சொன்னதைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. பிறகு, கேட்காமலே, டேங்கை ஓடையில் கழுவியது என் தப்பு என்றும், அதனால் நண்டுகளுக்கு என்ன ஆகலாம் என்றும் சொன்னேன். அக்கா டேங்கின் வாரை ஒரு தோளிலிருந்து கழற்றினார்.

"களவெடுத்தவன் இதயெல்லாம் வந்து சொல்லமாட்டான்," என்று டேங்கை இறக்கி வைத்தார். "விடியிற வரைக்கும்தான் பொறுப்பேன்."

விடிந்ததும் இரண்டு பேரும் பாத்தியில் குனிந்தோம். பாதிப் புழுக்கள் தின்பதை நிறுத்தியிருந்தன. ஒன்று பழைய தோலிலிருந்து தலையை மட்டும் வெளியே விட்டபடி கறுத்துக் கிடந்தது. அக்கா அதை விரலில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். இலைகளுக்கு மேலே குளவிகள் சுற்றிக்கொண்டிருந்தன.

ஓடையில், நான் டேங்க் கழுவிய இடத்தில், ஒரு கல்லைப் புரட்டினேன். சின்ன நண்டொன்று ஓடியது. ஒரு நண்டை வைத்து ஓடைக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் மனசு கொஞ்சம் லேசானது.

திரும்பி வந்தால் அக்கா மம்பட்டியோடு நின்றார். ஓடைக்கு எட்டாமல் மேட்டில் ஒரு குழி வேண்டுமாம். இனி லயத்தில் யார் மருந்து அடித்தாலும் டேங்கை அங்கேதான் கழுவ வேண்டுமாம்.

"கள்ளனுக்கு வேல இருக்கு, செய்வியா?"

சாக்கை ஒரு மரத்தில் மாட்டிவிட்டுத் தோண்டத் தொடங்கினேன்.