அக்காவின் பெயருக்கு நான் சொன்ன அர்த்தம்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு நவம்பர் மாதம், மெல்பேர்ண் வெரிபீயில் எங்கள் வீட்டில் நடந்தது இது. எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

எங்களுக்கு முதல் பிள்ளை பிறந்திருந்தது. பெண் பிள்ளை.

நான் மன்னார்ப் பக்கம், கத்தோலிக்கன். மனைவி தமிழ்நாட்டில் மதுரைப் பக்கம், சைவ சமயம். அவள் இங்கே படிக்க வந்தவள். முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். நான் சரக்கு அடுக்கும் மரத்தட்டுகளைப் பழுது பார்க்கும் இடத்தில் ஆணி அடிக்கிறேன். இரண்டு பேருக்கும் ஒத்துப்போய்விட்டது. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

பிள்ளைக்கு என்ன பெயர் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. மெத்தில்டா. என் அக்காவின் பெயர் அது.

அம்மாவும் அப்பாவும் போன பிறகு என்னை வளர்த்தது அக்காதான். நான் படிப்பை விட்டபோது விளக்குமாறு முறிய அடித்ததும் அவர்தான். கலியாணம் செய்துகொள்ளவில்லை. இப்போது சிட்னியில், செவன் ஹில்ஸில், ஆஸ்பத்திரித் துணிகளைத் துவைக்கிற தொழிற்சாலையில் வேலை. தனக்கென்று எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அவருடைய பெயர் அவரோடு நின்றுவிடக் கூடாது என்று நினைத்தேன். போனில் அக்காவுக்குச் சொன்னேன்.

"உனக்கென்ன விசரே, பைத்தியம் பிடிச்சிட்டுதே?" என்றார். பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அதிலிருந்தே தெரிந்தது, அக்காவுக்கு எவ்வளவு ஆசை என்று.

மெத்தில்டா எங்கள் ஊர்ப் பெயர் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஊரில் நாலு மெத்தில்டா இருந்தார்கள். ஆஸ்திரேலியா வந்த புதிதில் ஒரு நாள் கடையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் தன் பிள்ளையை "மெத்தில்டா!" என்று கூப்பிட்டாள். இவர்களுக்கும் மன்னாருக்கும் என்ன தொடர்பு என்று நின்று பார்த்தேன். பிறகுதான் தெரிந்தது, இங்கே அந்தப் பெயர் தெருவுக்கு ஒன்று இருக்கிறது. எங்கள் ஊருக்கு அதைக் கொண்டு வந்தது வெளிநாட்டுப் பாதிரிமாராக இருக்கும். அது அதற்கு முன் எங்கே இருந்தது, என்ன சொல் என்று யாரும் யோசித்ததில்லை. கோவிலில் தண்ணீர் ஊற்றி வைத்த பெயர். அவ்வளவுதான்.

மனைவி சம்மதித்தாள். பிரசவத்துக்கு உதவியாக வந்திருந்த அவள் அம்மாதான் குசினியில் வைத்து என்னைக் கேட்டார்.

நான் அவரை மாமி என்று கூப்பிடுவேன். முதல் நாள் அவர், "எங்க ஊர்ல மாமின்னா ஐயர் வீட்டம்மா, மாப்ள. நான் கறி திங்கிறவ," என்று சிரித்தார். நல்ல மனுசி. ஓயாமல் பேசுவார். எனக்கும் சேர்த்து அவரே பேசிவிடுவார்.

அன்றைக்குப் பூண்டு உரித்துக்கொண்டே கேட்டார். "மாப்ள, உங்க அக்கா பேரை வைக்கிறது நல்ல விசயம். நான் குறுக்க நிக்கல. அந்தப் பேருக்கு என்ன அர்த்தம்?"

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொன்னால் அர்த்தமில்லாத பெயர் வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று பயந்தேன். அக்கா மூக்கை உறிஞ்சிய சத்தம் காதில் கேட்டது. யன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டு வேலியில் மல்லிகை பூத்திருந்தது.

"மல்லிகைப்பூ," என்றேன். "மல்லிகைப்பூ மாதிரி மென்மையான பிள்ளை எண்டு அர்த்தம்."

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நிஜமாவா?"

தலையை ஆட்டினேன்.

அதோடு முடியும் என்று நினைத்தேன். முடியவில்லை. மாமி அன்றைக்கே மதுரைக்குப் போன் எடுத்து ஏழெட்டுப் பேருக்குச் சொன்னார். "வெளிநாட்டுப் பேருதான், ஆனா நம்ம மல்லி!" பதினாறாம் நாள் தொட்டில் போடுவது, தொட்டிலைச் சுற்றி மல்லிகைச் சரம் கட்டுவது, பிள்ளையின் அத்தையே காதில் மூன்று தரம் பெயர் சொல்வது என்று எல்லாம் அவர் ஏற்பாடு. "எங்க பக்கம் அத்தைதான் பேரு விடணும். அக்காவை வரச் சொல்லுங்க," என்றார். அக்கா சிட்னியிலிருந்து வர லீவு எடுத்தார்.

பன்னிரண்டாம் நாள் ஒரு நர்ஸ் வந்தார். இங்கே பிள்ளை பிறந்தால் கவுன்சிலில் இருந்து நர்ஸ் வீட்டுக்கே வந்து தாயையும் பிள்ளையையும் பார்ப்பார். பிள்ளையை நிறுத்துப் பார்த்தார், தலையை அளந்தார். எல்லாம் சரி என்றார். அவருடைய தராசைக் காருக்குத் தூக்கிக்கொண்டு போனது நான். பெயர் என்ன என்று கேட்டார். சொன்னேன்.

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. தன் மகளுக்கும் அதே பெயராம். அதை வைக்கிறதுக்கு முதல் பெயர்ப் புத்தகம் எல்லாம் பார்த்தாராம். பழைய ஜெர்மன் பெயர் அது என்றார். இரண்டு சொற்களை ஒட்டியது. முதல் சொல்லுக்குப் பலம் என்று அர்த்தம். இரண்டாவதுக்குப் போர். அந்தக் காலத்தில் அந்த ஆட்கள் பெண் பிள்ளைகளுக்கு இப்படித்தான் ஈட்டி, போர், வெற்றி என்று பெயர் வைப்பார்களாம். பிறகு ஒரு ராணியோடு அது இங்கிலாந்து போனதாம். அங்கிருந்து கப்பலேறி இந்த நாட்டுக்கு வந்ததாம். ஹில்டா என்ற பெயரும் அதே போர்தான் என்றார்.

எங்கள் ஊரிலும் ஒரு ஹில்டா இருந்தார். வாயைத் திறந்தால் சண்டை. அவருக்குப் பொருத்தம் என்று நினைத்தேன்.

சிரிப்பு வரவில்லை. காருக்குப் பக்கத்திலேயே நின்றேன். பூ இல்லை. போர்.

யாரிடமும் சொல்லவில்லை. யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைத்தேன். மதுரையில் யார் ஜெர்மன் படிக்கிறார்கள்?

பதினைந்தாம் நாள் காலை மாமி என்னைக் கூட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு மல்லிகை கேட்கப் போனார். அங்கே ஒரு வயதான மனிதர் தனியாக இருக்கிறார். எவ்வளவு வேண்டுமானாலும் பறியுங்கள் என்றார். ஏணி கூடக் கொண்டுவந்து வைத்தார். பிறகு மாமியின் பெயர் என்ன என்று கேட்டார்.

அப்போதுதான் யோசித்தேன். மாமியின் பெயர் எனக்குத் தெரியாது. விசா வேலை எல்லாம் மனைவி பார்த்தது. நான் கேட்டதும் இல்லை.

மாமிக்கு அந்த அளவு ஆங்கிலம் விளங்கும். "போதும்பொண்ணு," என்றார்.

அழகான பெயர், என்ன அர்த்தம் என்று அந்த மனிதர் என்னைக் கேட்டார். நான் மாமியைப் பார்த்தேன். மாமி பூப்பறிப்பதை நிறுத்தவில்லை.

"விடுங்க மாப்ள. சொன்னா அந்தாளு முகம் சுருங்கிப்போகும்."

தலையை மட்டும் ஆட்டினேன். அவர் சிரித்துக்கொண்டு உள்ளே போனார்.

கூடையோடு திரும்பி வரும்போது மாமி தானாகவே சொன்னார்.

"நாலாவதும் பொண்ணு மாப்ள நான். எங்கப்பா பாக்கக்கூட வரல. பொண்ணு போதும்னு சாமிக்குத் தெரியணுமாம், அதுக்கு இந்தப் பேரு. அடுத்த வருசம் தம்பி பொறந்தான். பேரு வேலை செஞ்சிருச்சுன்னு ஊரே பேசுச்சு. பள்ளிக்கூடத்துல வாத்தியார் பேரைக் கூப்பிட்டா பசங்க சிரிப்பாங்க. கலியாணத்தப்ப பத்திரிகையில வேற பேரு போடச் சொல்லி அழுதேன். போடல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கூடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"எம்மகளுக்கு ஒரு மாசம் தேடி நல்ல பேரா வச்சேன். பேத்திக்கும் அப்படி இருக்கணும்ல? அதான் அன்னைக்கு உங்ககிட்டக் கேட்டேன். வேற ஒன்னுமில்ல."

பூ இல்லை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். எங்கள் வீட்டு வாசல் வரைக்கும் நேரம் இருந்தது. சொல்லவில்லை.

அடுத்த நாள் அக்கா வந்தார். பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு யாருக்கும் கொடுக்கவில்லை. மனைவியின் வேலை ஆட்கள், ரோவில் என்கிற இடத்திலிருந்து என் கூட்டாளி குடும்பம் என்று பதினைந்து பேர் வரவேற்பறையில். உட்காரக் கதிரை போதவில்லை. தொட்டிலைச் சுற்றிலும் மல்லிகை. வீடே மணத்தது.

மாமி எல்லாருக்கும் நடுவில் நின்று சொன்னார். "பிள்ளைக்கு அத்தை பேருதான். மெத்தில்டா. மல்லிகைப்பூன்னு அர்த்தம்."

அக்கா என்னைப் பார்த்தார். "அப்பிடியே? ஐம்பத்திரண்டு வருசமா எனக்கே தெரியாதே. ஆர் சொன்னது?"

"உங்க தம்பிதான்," என்றார் மாமி.

அக்காவுக்கு என் முகம் தெரியும். நான் பொய் சொன்னால் காது சிவக்குமாம். ஆனாலும் அவர் பிள்ளையின் காதுக்கிட்டக் குனிந்தார்.

"நில்லுங்கோ அக்கா," என்றேன். குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "அது பூ இல்லை. நான் சும்மா சொன்னது. நர்ஸ்தான் சரியாச் சொன்னவ. பலம், போர். அதுதான் அர்த்தம்."

மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். பிள்ளைக்கு விக்கல் எடுத்தது.

மாமி என் பக்கத்தில் வந்தார். "அப்ப எதுக்கு மாப்ள பூன்னீங்க?"

"வேண்டாம் எண்டு சொல்லிப்போடுவியள் எண்டு பயம்."

"பூன்னா வை, சண்டைன்னா வைக்காதன்னு நான் சொன்னேனா? அர்த்தம் என்னன்னுதான கேட்டேன்?" இடுப்பில் கை வைத்தார். "எங்க குலசாமி கையில என்ன, மல்லிகைச் செண்டா இருக்கு? ஆளு ஒசரத்துக்கு அரிவா வச்சிருக்கா! அவளைத்தான் கும்பிட்டுட்டு வந்தேன் இந்தப் பிள்ளை நல்லபடியாப் பொறக்கணும்னு."

யாரோ பின்னால் சிரித்தார்கள். அதற்குப் பிறகு எல்லாரும் சிரித்தார்கள்.

அக்காதான் அதிகம் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சண்டைக்காரி எண்டு பேரை வைச்சுக்கொண்டு இவ்வளவு காலமும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திட்டனே! திங்கட்கிழமை வேலைக்குப் போய் எங்கட சூப்பவைசருக்குக் காட்டுறன்," என்றார்.

"காட்டுங்க மதினி," என்றார் மாமி. "இப்பப் பேரைச் சொல்லுங்க. சத்தமாச் சொல்லுங்க. விக்கல் நிக்கட்டும்."

அக்கா மூன்று தரம் சொன்னார். முதல் தரம் சரியாகச் சொன்னார். இரண்டாம் தரம் குரல் உடைந்தது. மூன்றாம் தரம் மாமியும் சேர்ந்து சொன்னார்.

ஆட்கள் போன பிறகு நானும் மாமியும் குசினியில் பாத்திரம் கழுவினோம். அவர் தேய்த்தார், நான் துடைத்தேன். அவர் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பிறகு சொன்னார். "நேத்து அம்புட்டும் உங்ககிட்டச் சொன்னேன். அப்பவும் சொல்லாம வந்தீங்களே மாப்ள. அதுதான் கொஞ்சம் வலிச்சுச்சு."

"பிழைதான் மாமி," என்றேன்.

"சரி விடுங்க. அந்த இட்லித் தட்டு ஈரமா இருக்கு, மறுபடி தொடைங்க."

துடைத்தேன். வேறு தண்டனை எதுவும் அவர் தரவில்லை. மதுரைக்குப் போன் எடுத்து, பூ இல்லையாம், போராம் என்று அதே ஏழெட்டுப் பேருக்கும் அவரே திருத்திச் சொன்னார். "எம் பேத்தி ஒரு பய கிட்டயும் அடங்க மாட்டா" என்பதையும் சேர்த்துக்கொண்டார். அதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அது அவராகச் சேர்த்தது.

மகளுக்கு இப்போது மூன்று வயது. வீட்டில் யார் சொல்வதையும் கேட்பதில்லை. அவள் அடம் பிடித்தால் மனைவி என்னைத்தான் பார்க்கிறாள்.

இந்த நாட்டில் பெயரைச் சொன்னால் அர்த்தம் கேட்பார்கள். வேலை இடத்திலும் எதையாவது கேட்பார்கள். எனக்குத் தெரியாத விசயம் நிறைய. முன்பெல்லாம் தெரியாது என்று சொல்லக் கூச்சமாக இருக்கும், வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பிவிடுவேன். இப்போது தெரியாது என்று சொல்லிவிடுகிறேன். கேட்கிற மனிதர் எவ்வளவு நாள் மனதில் வைத்திருந்து அதைக் கேட்கிறார் என்று நமக்கு எங்கே தெரியும்.