மாமா கையெழுத்துப் போட்ட பிரிட்ஜ்

நான் கெடுக்காத ஒரு பிரிட்ஜுக்காக என் முதுகில் விழுந்த அடியை இன்றுவரை யாரும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. முதுகு ஆறிவிட்டது. எனக்குத்தான் ஆறவில்லை.

அப்போது எனக்குப் பத்து வயது. மாமா ஒரு பழைய பள்ளிக்கூட வேனை வாங்கி, சீட்டையெல்லாம் கழற்றிவிட்டு டிபன் கடையாக மாற்றியிருந்தார். எந்த ஊரில் தேரோ தீமிதியோ, அங்கே வேன் போய் நிற்கும். நாலு நாளானாலும் சமையல், தூக்கம், சண்டை எல்லாம் வேனுக்குள்ளேதான். பெரிய லீவு விட்டால் நானும் ஏறிக்கொள்வேன்.

வேனுக்குள் பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன பிரிட்ஜ் இருந்தது. அதில் மாவும் பாலும் இருக்கும். ஆனால் மாமா அதை வாங்கியது அத்தைக்காக. அத்தைக்குச் சர்க்கரை. காலையும் சாயங்காலமும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். மருந்து சூடுபட்டால் கெட்டுவிடும் என்று டாக்டர் சொன்ன மறுநாளே மாமா பெரம்பலூர் போய், பிரிட்ஜோடு வந்து இறங்கினார். தெருவே அதைத் தொட்டுப் பார்த்தது. நான் தொட்டதோடு நிற்கவில்லை. மத்தியான வெயிலில் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொள்வேன். ஒப்புக்கொள்கிறேன். அதற்காக ஒரு பிரிட்ஜ் சாகுமா?

ஆண்டிமடம் பக்கம் ஒரு தீமிதியின்போது அது செத்தது. காலையில் திறந்தால், மாவு பொங்கி வழிந்து அத்தையின் மருந்து டப்பாவைத் தொட்டுக்கொண்டிருந்தது. மாமா டப்பாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பொழுதன்னிக்கும் கதவத் தொறந்து தலைய வுட்டா அது என்னடா பண்ணும்? மருந்து கெட்டு ஒங்கத்தைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீயாடா பதில் சொல்லுவ?"

கேள்வி முடிவதற்குள் அடி விழுந்துவிட்டது.

மெக்கானிக் பெரம்பலூரிலிருந்து வந்தார். பின்பக்கத்தைக் கழற்றினால், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் விசிறி. அதில் ஓர் இலை ஒடிந்து கிடந்தது. திருவிழாவில் விற்கும் காற்றாடியே அதைவிடக் கெட்டியாக இருக்கும்.

"விசிறிய மட்டும் மாத்துங்க தம்பி."

"தனியா வராதுண்ணே. போர்டோட சேத்து செட்டாத்தான் வரும்."

செட்டின் விலை, பிரிட்ஜ் விலையில் பாதி. வேனில் வைத்து ஓட்டினால் வாரண்டியும் கிடையாதாம். வேனில் வைக்கத்தானே அய்யா விற்றாய்! மாமா மெக்கானிக்கைப் புளியமரத்தடிக்குக் கூட்டிப்போய் வெகுநேரம் பேசினார். திரும்பி வந்து பணத்தை எண்ணிக் கொடுத்து செட்டை மாட்டச் சொன்னார். பிறகு தோசைக்கு நின்றவர்களிடமெல்லாம் என்னைக் காட்டி, "இவன்தாங்க பிரிட்ஜக் கொன்னவன்" என்று சொல்ல ஆரம்பித்தார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எங்கள் பள்ளிக்கூடத்தில் ஓட்டுப்பெட்டிக்குச் சீல் வைத்ததைச் சன்னல் வழியாகப் பார்த்தவன் நான். நோட்டில் ஒரு தாளைக் கிழித்தேன், பரோட்டா மாவில் பசை காய்ச்சினேன், பிரிட்ஜ் கதவின் குறுக்கே ஒட்டினேன்.

"கையெழுத்துப் போடுங்க மாமா. நாளைக்கு நான்தான் தொறந்தேன்னு சொல்லக் கூடாதுல்ல."

"கொழுப்புடா ஒனக்கு!"

தோசை தின்றவர்கள் சிரித்ததால் மாமா வேறு வழியில்லாமல் சட்னிக் கையோடு கையெழுத்துப் போட்டார். அன்றிலிருந்து சீலை உடைக்கும் உரிமை அத்தைக்கு மட்டும்தான். கடை போடுகிற இரண்டு வேளையும் கிழித்துத் திறந்து, மாவை எடுப்பாள். மருந்து டப்பாவையும் எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, "நல்லா சில்லுன்னு இருக்குங்க" என்பாள். மாமா முகம் தோசைக்கல்லுக்கு மேலே பளபளக்கும். வேலை முடிந்ததும் புதுத் தாள், புதுக் கையெழுத்து.

பதினைந்தாவது நாள், உடையார்பாளையத்தில், சீல் அப்படியே இருக்க உள்ளிருந்து புளித்த வாடை வந்தது. நான் முக்காலி மேல் ஏறிவிட்டேன்.

"எல்லாரும் பாத்துக்கங்க! சீலு ஒடையல! கையெழுத்து யாருது? எங்க மாமாவுது!"

"அப்ப ஒங்க மாமா முதுகுலதான்டா போடணும்" என்றார் இட்லி தின்றுகொண்டிருந்த ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்கு மருந்து ஞாபகம் வந்தது. முக்காலியிலிருந்து குதித்து அத்தையிடம் ஓடினேன்.

அத்தை என்னை வேனுக்குப் பின்னால் இழுத்துப்போனாள். அவள் துணிமூட்டைக்குள் ஈரத்துணி சுற்றிய ஒரு சின்ன மண்கலயம் இருந்தது. உள்ளே மருந்துக் குப்பி, குளுகுளுவென்று.

"மொதத் தடவ கெட்டதுலேர்ந்தே இதுலதான்டா வச்சிருக்கேன். மருந்து கெடலன்னு மாமாகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ ஒளறித் தொலைக்காத."

"அப்ப அந்த டப்பா?"

"காலி டப்பாடா."

மத்தியானம் மெக்கானிக் வந்தார். அதே விசிறி, அதே ஒடிசல்.

"நான்தான் அன்னிக்கே புளியமரத்தடியில சொன்னேனேண்ணே, மட்டமான சாமான் போட்டுருக்கான், வேன் குலுங்குற குலுக்கல்ல இது தாங்காதுன்னு. யாரு மேலயும் தப்பில்லண்ணே."

எனக்குக் காதெல்லாம் சுட்டது. அடித்தபோது மாமாவுக்குத் தெரியாது, சரி. தெரிந்த பிறகும் பதினைந்து நாள் ஊர் ஊராக நான் கொலைகாரன்!

"தெரிஞ்சேதான் சொன்னீங்களா மாமா?"

மாமா கழுவிய தோசைக்கரண்டியை எடுத்து மறுபடியும் கழுவ ஆரம்பித்தார். பிறகு பணத்தை எடுத்து, அதே செட்டை அதே விலைக்கு மாட்டச் சொன்னார்.

அந்தச் சாயங்காலம் அத்தை டப்பாவைத் துடைத்து பிரிட்ஜுக்குள் வைத்தாள். "பசையக் கொண்டாடா" என்றாள். ஒட்டினேன். மாமா என்னைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலையில் அத்தை சீல் தாளைக் கிழித்தாள். டப்பாவை எடுத்துக் கன்னத்தில் வைத்தாள்.

"நல்லா சில்லுன்னு இருக்குங்க."

மாமா சிரித்தார். மருந்தே இல்லாத டப்பாவுக்கு ஏன் இத்தனை காவல் என்று எனக்கு அன்றைக்கு விளங்கவே இல்லை. பசைக் கிண்ணத்தோடு முறைத்துக்கொண்டு நின்றேன்.