களி கிண்டிப் பார்த்த அடுப்பு

சமையலறையை இடித்துக் கட்டப்போகிறார்கள் என்றதும் அமிர்தத்துக்குக் களிக் கவலை பிடித்துக்கொண்டது. தரையடுப்பில் பானையை வைத்து, அது ஆடாமல் கவட்டைக் கம்பான கவைக்கோலால் அணைத்து, கோலைக் காலால் மிதித்துக்கொண்டு கிண்டியே பழகியவள். கேக் சுடும் பெட்டி வேண்டுமென்ற மருமகள் ரம்யாவிடம், "அந்தப் பேச்சே கூடாது" என்று சீறியும் இருந்தாள்.

புது அடுப்பு பார்க்க ரம்யாவோடு கள்ளக்குறிச்சிக் கடைக்குப் பானையும் களி கிண்டும் துடுப்புமாகவே போனாள். கண்ணாடி அடுப்பில் வெறும் பானையை வைத்து ஓங்கிக் கிண்டினாள். பானை வழுக்கியது, கடைக்காரர் பதறி வந்து பிடித்தார்.

"இதுல இன்னாத்தக் கிண்டறது?"

"இது மேடைக்கு, அத்த. களிக்குத் தரையிலயே இரும்படுப்பு வைக்கச் சொல்லிட்டேன். கவக்கோலு போட எடமும் விட்டாச்சு" என்றாள் ரம்யா.

அமிர்தத்துக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. கடைக்காரரிடம் திரும்பினாள்.

"இன்னா பாத்துக்கினு நிக்கிறீங்க? எம் மருமவளுக்குக் கேக்கு பொட்டியக் காட்டுங்க. பெருசா!"