வத்தல் கண் இல்லை

2003 ஜூலை, மூன்றாம் செவ்வாய். மட்டாஞ்சேரியிலிருந்து எர்ணாகுளம் போகும் காலைப் படகில் சீனியம்மாள் முந்தானையைக் கண்ணுக்கு மேல் கூரை மாதிரி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மழைமூட்டம்தான். அந்த வெளிச்சமே இடது கண்ணில் குத்தியது.

இருபத்தாறு வருடமாக பஜார் கிடங்கில் வத்தல் மிளகாய்க்குக் காம்பு கிள்ளுகிறவள். அங்கே எல்லோருக்கும் சிவந்த கண்தான். வீட்டில் தலை சீவும்போதுகூட நெற்றி முடியைப் புறங்கையால்தான் ஒதுக்குவாள். விரல் கண் பக்கம் போகாது.

அந்த வருடம் மூத்திரப்பையில் புற்று. கட்டியைச் சுரண்டி எடுத்துவிட்டு, வாரம் ஒருமுறை குழாய் வழியே மருந்து விட்டார்கள். பச்சைக்குழந்தைக்குத் தோளில் குத்தும் பி.சி.ஜி.தான், உடம்பின் எதிர்ப்பு சக்தியைக் கிளப்பிவிடுவதற்கு. இரண்டு மணி நேரம் அடக்கிக்கொண்டு, கால்மணிக்கொரு தடவை புரண்டு படுக்க வேண்டும். "தோசை மாதிரி திருப்பிப் போடுறாங்க மோளே" என்று பக்கத்து வீட்டு ஜிஷாவிடம் சொல்லிச் சிரித்தாள். நான்காம் வாரம் கண் சிவந்தது.

மருந்து விடும் நர்ஸிடம் சொன்னாள். அது கண் டாக்டர் வேலை என்றார். அதே ஆஸ்பத்திரியின் கண் டாக்டர் என்ன தொழில் என்று கேட்டார். வத்தல் என்றதும் அப்புறம் நிமிரவே இல்லை. தூசியாம், கறுப்புக் கண்ணாடி போட வேண்டுமாம். வேறு மருந்து ஏதும் எடுக்கிறாளா என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. மூத்திரப்பைக்கு மருந்து விடுவதை அவளே சொன்னாள். மூத்திரப்பைக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். இருபத்தாறு வருடம் எரிச்சலோடு குடித்தனம் நடத்தியவளுக்கு எரிச்சலைப் பற்றிப் பாடம்!

"வத்தல் கண்ணு எனக்கறியும் சாரே. அது தண்ணியா ஒழுகும், உறங்கி எழும்பினா போகும். இது உள்ளேருந்து நோவுது."

ஐந்து தடவை சொன்னாள். சிவந்த கண்ணோடேயே ஐந்தாவது மருந்தும் ஆறாவது மருந்தும் ஏறின.

படகேறிப் போன எர்ணாகுளம் ஆஸ்பத்திரியில்தான், அம்பிளி என்ற இளம் டாக்டர் விளக்கைப் பிடித்துப் பார்த்தார். மருந்து கிளப்பிவிட்ட சக்தி கண்ணையும் தாக்கியிருக்கிறது. சொட்டு மருந்தை அப்போதே தொடங்கியிருந்தால் பார்வைக்குச் சேதம் வந்திருக்காது என்றார். அவர் கொடுத்த சொட்டில் வலி அடங்கியது. பார்வை பாதிதான் திரும்பியது. இப்போது கூடையை வலப்பக்கம் நகர்த்திவைத்துக் கிள்ளுகிறாள். "சீனியக்கா, காம்பை விட்டுட்டு என்னைக் கிள்ளுற" என்கிறாள் கிடங்கில் பக்கத்தில் உட்காரும் காமாக்ஷி.

2006இல் பழைய ஆஸ்பத்திரியிலிருந்து அச்சடித்த மலையாள அட்டை ஒன்று வந்தது. ஜிஷா வாசித்தாள். பி.சி.ஜி. மருந்து ஏற்றிக்கொள்கிறவர்கள், கண் சிவந்தாலோ வலித்தாலோ தயங்காமல் எங்களிடம் சொல்ல வேண்டும்.

சீனியம்மாள் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். பிறகு அட்டையை வாங்கி, பின்பக்கம் திருப்பி அவளிடம் நீட்டினாள்.

"எழுது மோளே. 'சொன்னேன். அஞ்சு பிராவசியம். சீனியம்மாள்.' மலையாளத்துலயே எழுது, அவங்களுக்குப் புரியணும்."

உறையில் போட்டு ஒட்டி, தானே எடுத்துப்போய்த் தபால்பெட்டியில் போட்டாள். பெட்டியின் வாய்க்குள் விரல்களை விட்டு, அது உள்ளே விழுந்துவிட்டதா என்று தடவிப் பார்த்தாள்.