‘ஹரி’ என்றதும் ஒரு மூச்சு

இளங்கோ லெட்சுமணனை முதலில் பார்த்தது ஒரு சண்டையில். கண்டி பஸ் நிலையத்தில், தன்னை முந்திவந்த பஸ்ஸின் சாரதியை அடிக்க ஜாக்கிக் கம்பியோடு பாய்ந்த மனிதரை நாலு பேர் சேர்ந்து பிடித்துவைத்திருந்தார்கள். கொஞ்ச நாளில் அவர் ஓட்டிய புசல்லாவை–கண்டி பஸ்ஸிலேயே இளங்கோவுக்குக் கொண்டக்டர் வேலை கிடைத்தது. ஆள் முரடர், ஆனால் வண்டி பறக்கும். இளங்கோவுக்கு அது பிடித்திருந்தது.

பிறகு லெட்சுமணனுக்குப் பிரஷர் எகிறியது. கிளினிக்கில் மாத்திரையோடு மூச்சுப் பயிற்சியும் சொல்லிக்கொடுத்தார்கள். காலையில் கண்ணை மூடி ஸ்டியரிங்கில் கைவைத்து உட்கார்ந்திருப்பார். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். மிதிபலகையில் நின்று இளங்கோ “ஹரி” என்றால், வண்டியை எடுக்கலாம் என்று அர்த்தம். சிங்களத்து ‘சரி’தான், பஸ்ஸில் எல்லாரும் சொல்வது. லெட்சுமணனோ அதைக் கேட்டதும் ஒரு மூச்சை இழுத்து, மெல்ல விட்டு, அப்புறம்தான் கியரைத் தொடுவார். பஸ் நிற்கும் ஒவ்வொரு ஹோல்ட்டிலும்.

“பெருமாள் பேரச் சொன்னதும் டிரைவரு அப்படியே உருகிப் போறாரே,” என்றாள் முன்சீட்டில் இருந்த நல்லம்மா. பஸ்ஸே சிரித்தது. பின்னால் வந்த பஸ் முந்திப் போயிற்று.

“ஆளுகளையெல்லாம் அவன் ஏத்திக்கிட்டுப் போறான். நீங்க என்னண்ணே செய்யிறீங்க?” என்றான் இளங்கோ.

“இந்த மூச்சப் பாக்குறேன்டா. அடுத்த ஹோல்ட்ட அங்க போய்ப் பாப்போம்.”

இளங்கோ பஸ் முதலாளிக்குப் போன் போட்டுக் கொட்டித் தீர்த்தான். அடுத்த மாதத்திலிருந்து வேறு சாரதி என்று முடிவாயிற்று. லெட்சுமணனுக்கும் சொல்லிவிட்டார்கள். அவர் பழக்கத்தை மாற்றவில்லை.

அந்த வாரம்தான், கெலிஓயாவில் தையற்கடை ரபீகா இறங்கினார். ஏறியவர்களை உள்ளே தள்ளியபடியே இளங்கோ “ஹரி, ஹரி” என்றான். வண்டி நகரவில்லை. எரிச்சலோடு முன்கண்ணாடியைப் பார்த்தான்.

கண்ணாடிக்குக் கீழிருந்து ஒரு முக்காடு எழும்பியது. பிறகு நெற்றி. பிறகு ரபீகாவின் முகம். ரோட்டைக் கடக்க பஸ்ஸின் முன்னால் போனவர், பம்பரோடு ஒட்டிக் குனிந்திருந்திருக்கிறார்.

“செருப்பு கழண்டிட்டு மகன்,” என்று கையை ஆட்டிவிட்டு அவர் பாட்டுக்கு நடந்துபோனார்.

லெட்சுமணனும் அவரைக் கண்டிருக்கவில்லை. இழுத்த மூச்சை விட்டுக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். எடுக்கச் சொன்னது இளங்கோவின் வாய்தான். அதுவும் இரண்டு தரம்.

“சொல்லு தம்பி,” என்றார் லெட்சுமணன். “ஆளுக காத்துக்கிட்டு இருக்காங்க.”

“வாய் வரமாட்டேங்குதுண்ணே.”

“அப்ப மொதல்ல மூச்ச எடு. வண்டியப் பொறகு எடுக்கலாம்.”

கண்டிக்கு வந்ததும் இளங்கோ முதலாளியை அழைத்தான். “வேற டிரைவர் வேணாம் முதலாளி.”

“ஏன், இப்ப வெரசா ஓட்டுறானா?”

“இல்ல, மெதுவாத்தான். அவரு இல்லாட்டி இன்னைக்கு நான் ஒரு பொம்பளயக் கொன்னிருப்பேன்.”

“சரி, அவனே ஓட்டட்டும்,” என்றார் முதலாளி.

லெட்சுமணன் இப்போதும் புசல்லாவை–கண்டி பஸ்ஸைத்தான் ஓட்டுகிறார். மாத்திரையும் தொடர்கிறது. இளங்கோ அதே பஸ்ஸில் கொண்டக்டராக இருக்கிறான்.